மாறுவேடத்துக்கு வயது வரம்பு உண்டா?

உங்கள் கேள்வியில் மூன்று பேருடைய நிலைமை கலந்திருக்கிறது. 13 வயது மகள் இன்னமும் வேடமிட ஆசைப்படுகிறாள். வீட்டுப் பெரியவர்களோ "வளர்ந்த பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு" என்கிறார்கள். துண்டைத் தோளில் முடிந்துகொண்டு வீடெல்லாம் பறந்து திரிந்த மகனுக்கு இப்போது 10 வயது. வேடம் என்றாலே முகத்தைச் சுளிக்கிறான். இதற்கிடையே நண்பர் ஒருவர் உங்களையும் உங்கள் கணவரையும் மாறுவேட விருந்துக்கு அழைத்திருக்கிறார். போனால் அசட்டுத்தனமாகத் தெரியுமோ என்று தயங்குகிறீர்கள். நாடகக் குழுக்களுக்கு உடை வடிவமைத்துத் தைத்துக் கொடுப்பது என் தொழில்; எல்லா வயதினரும் வேடத்துக்குள் நுழைவதையும் அதிலிருந்து வெளியே வருவதையும் அருகிலிருந்து பார்த்துவருபவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வளர்ந்த பிறகும் வேடமிட்டு மகிழ முடியும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் ஐந்து வயதில் எந்த மகிழ்ச்சி கிடைத்ததோ அதே மகிழ்ச்சியை எதிர்பார்த்து வேடமிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். சின்னஞ்சிறு பிள்ளைக்கு வேறொன்றாக ஆகிவிடுவதே இன்பம். அதற்குப் பார்வையாளர்கூடத் தேவையில்லை. வளர்ந்தவருக்கு அந்த இன்பத்தில் ஒரு பகுதி குறைந்துபோகிறது. அந்த இடத்தைச் செய்துபார்க்கும் இன்பமும், தெரிந்தவர்களோடு பகிரும் வேடிக்கையும், ஒரு மாலைப்பொழுதுக்காவது தன் வழக்கமான முகத்திலிருந்து விடுபடும் இலேசும் நிரப்புகின்றன. இடையில் குறுக்கே நிற்பதை வயது என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது நம்மை ஒத்தவர்கள் நம்மை எப்படிப் பார்ப்பார்கள் என்ற கூச்சமாகவே இருக்கிறது.

வேடமிடுதல் குழந்தைகளுக்கு உரியது என்ற எண்ணமே வரலாற்றோடு ஒட்டாதது. வெனிஸ் நகரத்துத் திருவிழாவில் முகமூடி அணிந்து திரிந்தவர்கள் வணிகர்களும் பிரபுக்களும் அவர்களுடைய மனைவிமார்களுமே. 1797இல் வெனிஸ் குடியரசு வீழ்ந்தபின் மங்கிப்போன அவ்விழாவை 1979இல் மீண்டும் உயிர்ப்பித்தவர்களும் பெரியவர்களே. விக்டோரியா அரசியின் ஆட்சி 60 ஆண்டு நிறைந்ததை ஒட்டி, 1897 ஜூலை 2ஆம் நாள், லண்டன் டெவன்ஷயர் மாளிகையில் ஏறத்தாழ 700 விருந்தினர் கூடிய மாறுவேட நடனம் ஒன்று நடந்தது. விருந்தளித்த கோமகள் பல்மைரா நாட்டு அரசி செனோபியாவாக வந்து நின்றார். பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னராக முடிசூடிய வேல்ஸ் இளவரசருக்கு அப்போது வயது 55. அவர் மால்டா வீரத்துறவியர் சபையின் தலைவராக வேடமிட்டிருந்தார். அந்த விருந்தினரின் ஒளிப்படங்கள் இன்றும் கிடைக்கின்றன. சிலர் விறைத்துப்போய் நிற்கிறார்கள் என்பது உண்மைதான்; ஆனால் ஒருவர் முகத்திலும் "இந்த வயதில் இது தேவையா" என்ற வினா தெரியவில்லை.

1939இல் நியூயார்க்கில் முதலாவது உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தபோது, வருங்காலத்து மனிதர்களைப் போல் உடுத்தி வந்தவர்கள் இருவர்: ஃபாரஸ்ட் அக்கர்மன், அவருடைய தோழி மர்ட்டில் டக்ளஸ். அக்கர்மனுக்கு அப்போது 22 வயது. இரண்டு உடைகளையும் உருவாக்கியவர் டக்ளஸ். மற்ற அனைவரும் சாதாரண உடையில் வந்திருக்க, இவர்கள் மட்டும் மேலங்கியும் பிரீச்சஸ் என்ற முழங்கால்வரைக் கால்சட்டையும் அணிந்து அரங்கில் நடமாடியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு சிகாகோவில் நடந்த மாநாட்டிலேயே வேட அணிவகுப்புக்கு இடம் ஒதுக்கப்பட்டது. விரும்பிய கதைமாந்தராக வேடமிடும், இன்று காஸ்பிளே என்று உலகம் முழுவதும் வழங்கும் பழக்கத்தின் வேர்களில் ஒன்று அது. 2003 முதல் ஜப்பானின் நகோயா நகரில் அதற்கென்றே உலகச் சந்திப்பு நடந்துவருகிறது. இருவர் துணிந்தது ஒருபுறம் இருக்க, அதற்கென்று ஓர் இடமும் நேரமும் குறிக்கப்பட்டவுடன் பலரும் முன்வந்தார்கள் என்பதுதான் உங்கள் கேள்விக்குப் பொருத்தமானது.

சட்டமே வயது வரம்பு போட்ட கதையும் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள செசப்பீக் நகரம், 12 வயதைக் கடந்தவர்கள், வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் இரவில் வீடுவீடாகச் சென்று இனிப்புக் கேட்பதைக் குற்றமாக்கி, அதற்குச் சிறைத் தண்டனைக்கும் வழிவைத்து 1970இல் விதி இயற்றியது. 2019இல்தான் அந்த வரம்பை 14 ஆக உயர்த்திச் சிறைத் தண்டனையை நீக்கினார்கள். அந்த விதியும் இனிப்புக் கேட்டுக் கதவைத் தட்டுவதைத்தான் தடுத்ததே தவிர, வேடத்தை அல்ல.

இனி உங்கள் மகனுக்கு வருவோம். பாவனை விளையாட்டு ஏறத்தாழ இரண்டு வயதில் தொடங்கி ஏழு வயதுக்குள் உச்சம் தொட்டு, பிறகு விதிகளுள்ள விளையாட்டுகளுக்கு வழிவிடுகிறது என்று சுவிஸ் உளவியலாளர் ஜான் பியாஜே வகுத்தார். இதைப் படித்துவிட்டுப் பலர், ஏழு வயதோடு பாவனை செத்துப்போகிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி சொன்னது இன்னும் நுட்பமானது: பள்ளி வயதினரிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் காணப்படும் கற்பனை, செயல் இல்லாத விளையாட்டு என்றார் அவர். துண்டைக் கட்டிக்கொண்டு பறந்த அதே பிள்ளை இப்போது அசையாமல் உட்கார்ந்தபடி மனத்துக்குள் பறக்கிறான். அதோடு இன்னொன்றும் சேர்கிறது. தன்னைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் நின்று தன்னையே கவனித்துக்கொண்டிருப்பதாக வளரிளம் பருவத்தினர் உணர்கிறார்கள் என்பதை அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967இல் "கற்பனைப் பார்வையாளர்" என்று விளக்கினார். 10 வயதில் இதன் முதல் அறிகுறிகள் தலைகாட்டலாம். வேடம் என்பது அந்தப் பார்வையாளர்களை வேண்டுமென்றே வரவழைப்பது. பிறகு அவன் முகம் சுளிக்காமல் என்ன செய்வான்?

ஆகவே அவனை வற்புறுத்த வேண்டாம். "முன்பெல்லாம் எவ்வளவு ஆசையாகப் போட்டுக்கொள்வாய்" என்று பிறர் முன்னிலையில் நினைவூட்டவும் வேண்டாம், அது வற்புறுத்தலைவிடக் கெடுதல். நாடகப் பயிற்சிகளில் இந்த வயதுப் பையன்களிடம் நேரடியாக "நீ அரசனாக வேடமிடு" என்று சொன்னால் பாதிப்பேர் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். அதே பையனிடம் ஒரு முரட்டு மீசையையோ, ஒற்றைக் கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டையையோ கொடுத்து, "இதை வைத்துக்கொண்டு அந்தக் காவலனைக் கொஞ்சம் பயமுறுத்து" என்று ஒரு வேலையைக் கொடுத்தால் நிலைமை மாறிவிடுகிறது. முழு வேடம் அவனை வெளிச்சத்தில் நிறுத்துகிறது. ஒற்றைப் பொருள் அவன் கையில் ஒரு கருவியாகிவிடுகிறது. சிரிப்பூட்டும் வேடமும் வில்லன் வேடமும் இந்த வயதில் எடுபடுவதற்குக் காரணம், அவற்றில் பிறர் சிரிப்பதற்கு முன்பே தானே சிரித்துவிடலாம் என்பதுதான். நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரே குழுவாக வேடமிடுவதும் அப்படியே. கூச்சம் பங்கு போடப்பட்டுவிடும். இவை எதுவுமே அவனுக்கு வேண்டாம் என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இப்போது விலகும் பிள்ளைகள் பலர் 15, 16 வயதில் தாமாகவே திரும்பி வருகிறார்கள். சிலர் வருவதில்லை, அதனால் அவர்களுக்குக் குறையொன்றும் இல்லை.

உங்கள் மகளைப் பற்றி எனக்குச் சிறிதும் கவலையில்லை. அவள் பெரும்பாலும் வேடமிடுதலின் இரண்டாவது கட்டத்துக்கு வந்துவிட்டிருப்பாள். அது செய்துபார்க்கும் கட்டம். எட்டு வயதுப் பிள்ளை கடையில் வாங்கிய உடையைப் போட்டுக்கொண்டு மகிழ்கிறது. 13 வயதுக்காரிக்கு அந்த உடையின் மலிவும் பொருந்தாமையும் கண்ணை உறுத்துகின்றன. தானே செய்தால் இன்னும் நன்றாகச் செய்யலாமே என்று தோன்றுகிறது. இந்தத் தோன்றலைப் பிடித்துக்கொண்டால் போதும். கவசம் செய்ய விரும்பினால் ஈவிஏ ஃபோம் என்ற மெத்தென்ற, வளையும் தாள் மிக ஏற்றது. வடிவத்தை முதலில் பழைய செய்தித்தாளில் வெட்டி உடம்பில் வைத்துப் பார்த்து, பிறகு ஃபோமில் வரைந்து வெட்ட வேண்டும். இரண்டு துண்டுகள் கோணமாகச் சேரும் இடத்தில் விளிம்புகளைக் கத்தியால் சரிவாகச் சீவ வேண்டும். இல்லாவிட்டால் இணைப்பில் பள்ளம் விழும். காண்டாக்ட் பசையை இரு விளிம்புகளிலும் மெல்லிதாகத் தடவி, உடனே ஒட்டிவிடாமல், விரலில் பிசுபிசுப்பு மட்டும் தெரியும் அளவுக்கு உலரவிட்டுச் சேர்த்தால் அந்தப் பிடி விடாது. முதன்முறை செய்பவர்கள் அநேகமாக எல்லோரும் பொறுமையிழந்து ஈரத்திலேயே ஒட்டிவிட்டு, துண்டுகள் வழுக்குகின்றன என்று புலம்புவார்கள். வண்ணம் பூசுவதற்கு முன் ஹீட் கன் என்ற, சூடான காற்றை வீசும் கருவியால் மேற்பரப்பைச் சுடுபடுத்தினால் நுண்துளைகள் மூடிக்கொண்டு வழவழப்பாகும். அதன்மேல் பிரைமர் என்ற அடிப்பூச்சைக் கொடுக்காமல் வண்ணம் அடித்தால், முழங்கையை மடக்கும் முதல் தடவையிலேயே அது வெடித்துப் பொரிந்துவிடும். பசையின் நெடி தலைசுற்றலைத் தரும் என்பதால் சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். ஹீட் கன்னும் கத்தியும் கையாளப்படும் வேளையில் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

துணி வேடம் என்றால் ஒரே ஒரு அறிவுரை: வளரும் பிள்ளைக்குத் தைக்கும்போது பக்கத் தையலில் தாராளமாக உள்துணி விடுங்கள், கைக்குழியை இறுக்காதீர்கள். வேடத்தில் கையை உயர்த்தாத பிள்ளை கிடையாது. கைக்குழி இறுகியிருந்தால் உடை முழுவதும் மேலே ஏறி, எல்லாக் கம்பீரமும் ஒரு நொடியில் போய்விடும். வடிவம், அளவு, பொருளின் தன்மை, பொறுமை என்று இதில் அவள் பழகிக்கொள்வது நிறைய உண்டு என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லலாம்தான். ஆனால் வேடிக்கையைப் பாடமாக்கிக் காட்டித்தான் அனுமதி வாங்க வேண்டும் என்ற நிலைக்கு உங்களைத் தள்ளிக்கொள்ளாதீர்கள். அவளுக்குப் பிடித்திருக்கிறது, யாருக்கும் தீங்கில்லை என்பதே போதுமான காரணம்.

இனி உங்கள் விருந்து. பெரியவர்களின் மாறுவேட விருந்துகள் சொதப்புவதற்கு நான் கண்டவரை முதன்மையான காரணம், அழைப்பில் உள்ள குழப்பம். "விரும்பினால் வேடமிட்டு வரலாம்" என்று எழுதினால், பத்துப் பேர் வழக்கமான உடையிலும் இருவர் முழு வேடத்திலும் வந்து நிற்பார்கள். அந்த இருவருக்கும் அந்த மாலை ஒரு தண்டனை. டெவன்ஷயர் மாளிகையின் அழைப்பு அப்படி விட்டுவிடவில்லை: 1815க்கு முற்பட்ட வரலாற்று வேடமோ உருவக வேடமோ வேண்டும் என்று தெளிவாகக் கேட்டது. ஒரு சிறு கட்டுப்பாடு, "நான் என்னவாக வருவது" என்ற திகைப்பைக் குறைப்பதோடு, எல்லோரும் ஒரே படகில் இருக்கிறோம் என்ற தெம்பையும் கொடுக்கிறது. எனவே உங்கள் நண்பரிடம் இரண்டு செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: எல்லோரும் வேடமிட்டு வருகிறார்களா, அவரும் அவர் மனைவியும் வேடத்தில் நின்று வரவேற்பார்களா. விருந்தளிப்பவர் சாதாரண சட்டையில் கதவைத் திறந்தால் வந்தவர்கள் கூசிப்போவார்கள்.

அசட்டுத்தனமாகத் தெரியுமோ என்ற அச்சத்துக்கு ஓர் ஆறுதல் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் கிலோவிச்சும் அவருடைய குழுவினரும், கூச்சமூட்டும் படம் பொறித்த டி-சர்ட்டை மாணவர்களுக்கு அணிவித்து, பிற மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறத்தாழக் கால்பங்கினரே. 2000இல் வெளியான இந்த ஆய்வை வேடத்துக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. கிரீடமும் தாடியும் வைத்துக்கொண்டு வருபவரை எல்லோருமே கவனிப்பார்கள். ஆனால் கவனிப்பவர்கள் பார்ப்பது ஒட்டுமொத்தத் தோற்றத்தைத்தான். தாடியின் ஓரம் பிரிந்திருப்பதையும், இடுப்புப் பட்டை கோணலாக இருப்பதையும் நீங்கள் ஒருவரே மாலை முழுவதும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஆடையை மாற்றினால் மனமே மாறிவிடும் என்று சிலர் ஆய்வுகளைக் காட்டிச் சொல்வார்கள். அதில் கொஞ்சம் நிதானம் தேவை. மருத்துவருடைய வெள்ளை அங்கி என்று சொல்லப்பட்டதை அணிந்தவர்களின் கவனக்கூர்மை கூடியதாக ஆடம், கலின்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2012இல் எழுதினார்கள். அவர்களுடைய முதல் சோதனையை வேறு ஆய்வாளர்கள் மறுபடி செய்து 2019இல் வெளியிட்டபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. எனக்குத் தெரிந்தது இதைவிட எளியது. நடிகருக்கு உடையின் எடையும் செருப்பின் உயரமும் நடையை மாற்றுகின்றன. நடை மாறியதும் எதிரில் நிற்பவர் பேசும் விதம் மாறுகிறது. அதற்கு ஏற்ப இவரும் மாறுகிறார். கூச்ச சுபாவமுள்ளவர்கள் வேடத்தில் கலகலப்பாவதும் இப்படித்தான்: புதியவர் ஒருவரிடம் பேச்சைத் தொடங்க வேண்டிய சுமை அவர்களுக்கு இல்லை, அவர்களுடைய வேடமே பேச்சுக்குப் பொருளாகிவிடுகிறது.

உங்களுக்கு இதில் முன்பழக்கம் இல்லையென்றால், பாதி வேடத்தோடு தொடங்குங்கள். அலமாரியில் இருக்கும் நல்ல உடையையே அடிப்படையாக வைத்து, பார்த்தவுடன் இன்னார் என்று தெரிவிக்கும் ஒரே ஒரு பொருளைத் தரமாகச் செய்துகொள்ளுங்கள். பத்து அரைகுறைப் பொருள்கள் செய்யாததை அந்த ஒன்று செய்யும். வசதியைப் பற்றிக் குழந்தைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிகம் யோசிக்க வேண்டும், ஏனெனில் அவர்கள் மூன்று நான்கு மணிநேரம் அதிலேயே உண்டு, பேசி, உட்கார்ந்து எழ வேண்டியிருக்கிறது. வெனிஸில் வழங்கிய இரண்டு முகமூடிகள் இதற்கு நல்ல பாடம். பௌதா என்ற முகமூடியின் கீழ்ப்பகுதி முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். அணிந்தவர் அதைக் கழற்றாமலே உண்ணலாம், குடிக்கலாம், பேசலாம். பெண்கள் அணிந்த மொரெத்தாவோ உள்பக்கத்திலிருந்த ஒரு பொத்தானைப் பற்களால் கடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டியது. வாயைத் திறந்தால் முகமூடி விழுந்துவிடும். விருந்துக்குப் போகிறவர் பௌதாவைச் செய்தவரைப் போல் யோசிக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் முழு முகமூடியைத் தவிர்ப்பது நல்லது, மூச்சுக்காற்றில் கண்ணாடி மங்கிவிடும். கழுத்திலிருந்து கால்வரை ஒரே துண்டாகத் தைத்த வேடத்தில் ஜிப்பைத் தானே எட்டித் திறக்க முடிகிறதா என்று வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். கழிவறைக்குத் துணைக்கு ஆள் கூப்பிடும் சங்கடம் எந்த வேடத்துக்கும் தகாது. முகவண்ணத்தை முந்தின நாளே முழங்கையின் உட்புறத்தில் தடவிப் பாருங்கள். கண்ணின் நிறத்தை மாற்றும் லென்ஸ்களைக் கண் மருத்துவரைக் கேட்காமல் வாங்கவே வேண்டாம்.

நெருப்பைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். 1393 ஜனவரி 28 அன்று பாரிஸில் நடந்த அரசவை விருந்தில், 24 வயதான ஆறாம் சார்லஸ் மன்னரும் ஐந்து பிரபுக்களும் காட்டு மனிதர்களாக வேடமிட்டு ஆடினார்கள். லினன் துணியில் பிசின் தடவி, அதன்மேல் நாரை ஒட்டி உரோமம்போல் ஆக்கியிருந்தார்கள். தீப்பந்தங்களை அருகில் கொண்டுவரக் கூடாது என்று கட்டளையும் இடப்பட்டிருந்தது. தாமதமாக வந்த மன்னரின் தம்பி ஓர்லியன் கோமகன், ஆடுபவர் யார் என்று பார்க்கும் ஆவலில் பந்தத்தை நெருக்கிப் பிடித்தபோது பொறி விழுந்தது. நால்வர் இறந்தார்கள். பெரி கோமகள் தன் பாவாடையால் போர்த்தி மன்னரைக் காப்பாற்றினார். இன்னொருவர் தொட்டியொன்றில் குதித்துப் பிழைத்தார். இன்றைய பஞ்சு தாடியும், நைலான் கூந்தலும், பாலியெஸ்டர் மேலங்கியும் அந்த நாரைப் போலவே தீப்பற்றக் கூடியவை. செயற்கை இழை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மெழுகுவத்தி எரியும் இடத்தில் தொங்கும் கைகளும் நீண்ட மேலங்கியும் வேண்டாம்.

எந்த வேடம் என்பதிலும் பெரியவர்களுக்கு ஒரு பொறுப்பு உண்டு. அறியாப் பிள்ளை செய்வது வேறு. வளர்ந்தவர் ஒரு இனத்தாரின் தோல் நிறத்தைப் பூசிக்கொண்டோ, ஒரு சமூகத்தாரின் வறுமையையும் உடலையும் நையாண்டி செய்தோ வேடமிடுவது வேடிக்கையாகாது. அதேபோல, வேடத்தில் இருப்பவரைத் தொடவோ கேட்காமல் படமெடுக்கவோ வேடம் அனுமதி கொடுப்பதில்லை. காமிக்ஸ் ரசிகர்களின் பெரிய கூட்டமான நியூயார்க் காமிக்கான் 2014இல் இதைப் பெரிய அறிவிப்புப் பலகைகளாகவே எழுதி வைத்தது. உங்கள் மகள் இத்தகைய கூட்டங்களுக்குப் போகத் தொடங்கும்முன் இதை அவளிடம் விளக்கமாகப் பேசிவிடுங்கள்: யாராவது படமெடுக்கக் கேட்டால் மறுக்கலாம், தோளில் கைபோட வந்தால் விலகலாம், வேடத்தைக் கலைத்துவிட்டு வீடு திரும்ப எந்த நேரத்திலும் உங்களை அழைக்கலாம். மேலே உள்ள கவசத்தைக் கழற்றினால் சாதாரணமாக நடமாடும்படி, அடியில் வழக்கமான உடை ஒன்றை அணிந்து போவது இதற்கு மிகவும் உதவும்.

அவளோடு சேர்ந்து நீங்களும் வேடமிட்டுப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்குள்ளும் உறவினர் கூடும் இடத்திலும் தாராளமாகச் செய்யலாம். தோழிகளோடு அவள் போகும் இடம் என்றால் முடிவை அவளிடம் விட்டுவிடுங்கள். "வேண்டாம், அம்மா" என்று சொன்னால், கவசத்தின் முதுகுப்பட்டையை இறுக்கிக் கட்டும் வேலை எப்படியும் உங்களுக்குத்தான் வரும், தனி ஆளாக அதைக் கட்டிக்கொள்ள முடியாது.